ஒரு குறியும் பல வடிவும்

ஒன்றனைக் குறித்தற்கு ஒரு குறி இயற்றப்பட்டு, அது பலர் கைகளாற் பலவாறு செய்யப்படுமாயின், அவற்றுள் மெய்க்குறி யாது? வேறுபாடெல்லாம் பிழையோ, அன்றி அவையும் உண்மையோ? அவற்றைத் தேடித் தொகுத்தல் அறிவோ, அவாவோ? இவ்வினாக்கள், எம்முடன் பயின்ற அன்பரொருவர் ஒரு சிறு துணித்துண்டை எம்பாற் கொணர்ந்து, ‘இதனை விற்றல் தகுமோ?’ என வினவியவழி எமக்கு எழுந்தன.

அது இரண்டாம் உலகப்போரிற் பதினான்காஞ் சேனையார் தோளில் அணிந்த சின்னம். செந்நிறக் கேடயத்திற் கரிய பட்டை; அதன்மேல் நுனி கீழ்நோக்கிய வெள்ளை வாள். வாள் மேல்நோக்கி நிற்றலே சின்னநூன் மரபாயினும், பர்மாவை வடக்கினின்று இறங்கி மீட்க வேண்டியிருந்தமையின் தளபதி ஸ்லிம் அங்ஙனம் அமைத்தனர் என்ப. அன்பரின் தந்தையார் அச்சேனையிற் பணிபுரிந்தவர். அவரது சின்னம் கடைத்தெருத் தையற்காரர் இழைத்தது போலும். வாள் சற்றே கோணியிருந்தது. அக்கோணலையே அருமையாகக் கருதி, இத்தகைய வேறுபாடுகளைத் தொகுப்பாரொருவர் பெரும்பொருள் தர முன்வந்தனராம்.

பிரிட்டிஷ் சேனையின் இச்சின்னங்கள் 1914-18 போரிற் றோன்றி, அதன்பின் பெரும்பாலும் வழக்கொழிந்து, 1941-இல் உடையின்மேல் அணிய மீண்டும் இசைவு பெற்றன. பெரும்பாலும் பெயரும் எண்ணும் எழுதாது, தம்மவர் அறியவும் பகைவர் அறியாமைக்கும் இயற்றப்பட்டன. வடிவு ஒன்றேயாயினும், சில கம்பளித்துணியிற் பின்னப்பட்டன. சில சிக்கனங்கருதிப் பருத்தித்துணியில் அச்சிடப்பட்டன. எகிப்து, இத்தாலி, இந்தியா ஆகிய நாடுகளில் ஆங்காங்குள்ள தையற்காரர் கிடைத்த நூல்கொண்டு இழைத்தனர்.

இவ்வேறுபாடுகளைப் பகுத்தறிதல் வேண்டும். ஏழாம் கவசப்படைப் பிரிவினர் ஜெர்போவா என்னும் பாலைவன எலியைச் செந்நிறத்தில் அணிந்தனர். ஏழாம் கவசப் பிரிகேடினர் அதனையே பச்சையாகவும், நான்காம் கவசப் பிரிகேடினர் கரியதாகவும் கொண்டனர். இது குறிக்கப்படும் பொருள் வேறாயினமையால் வந்த வேறுபாடு. 1944-இல் நார்மண்டிப் போரிற் செந்நிற எலியே வேறு வரைவு பெற்று, கங்காருவை ஒத்ததெனச் சிலர் நகைத்தனர். இது பொருள் ஒன்றாயிருப்பச் செய்வார் வேறாயினமையால் வந்தது. போருக்குப்பின் விற்பனை கருதிச் செய்த போலி மூன்றாவது. அது வஞ்சனையால் வந்தது.

ஒரு சாரார், தலைமையிடத்தார் இசைந்த வரைவே மெய், ஏனைய வழூஉ என்பர். அது பொருந்தாது. என்னை? கோணிய வாளை அணிந்தான் கோணாது போர்செய்தான். குறி அவனை அவன் படையினனென அறிவித்தது. எண்பத்தொன்றாம் மேற்காப்பிரிக்கப் பிரிவின் சின்னமாகிய சிலந்தி தலைகீழாக அணியப்படும். பலகையிற் பதித்தால் அது இறங்குவதாகத் தோன்றும். துப்பாக்கி நீட்டிய தோளிலோ முன்னேறிச் செல்லும். ஆகலின் குறி தன் வடிவளவில் நிறைவதன்று. அணிவானொடு கூடியே நிறைவது.

மற்றொரு சாரார், எல்லா வடிவும் மெய்யே, ஆகலின் எல்லாந் தொகுத்தற்குரியன என்பர். அங்ஙனமாயின் போலியும் ஒரு வடிவாய் மெய்யாதல் வேண்டும். போலியை நீக்குவது எவ்வாறெனின், காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளான் ஆராய்வாம். தொகுப்போர் துணியைப் புறஊதா ஒளியிற் காண்பர். போருக்குப்பின் வழங்கிய வெண்மையூட்டும் மருந்துடைய நூல் ஒளிரும். ஆயின் பழைய மெய்ச்சின்னமும் இக்காலச் சோப்புத்தூளில் வெளுப்பின் ஒளிரும். பழந்துணியிற் செய்த போலியோ ஒளிராது. காட்சி மயங்கிற்று. ஊசித்துளை, நிறமங்கல், பின்புறத்தே எஞ்சிய நூல் இவற்றாற் கருதுவாமெனின், இவையும் செயற்கையாற் செய்யப்படும். எஞ்சியது உரையே. இஃது இன்னார் அணிந்தது, இன்னார்வழி வந்தது என்னும் மெய்யுரையொடு கூடியதே ஐயம் நீங்குவது.

தொகுத்தலே தீதோ எனின், அன்று. குப்பையிற் சேர்தற்குரிய துணிகளைக் காத்தவர் தொகுப்போரே. பருத்தியச்சு போர்க்கால வறுமைக்குச் சான்று. கோணல் வாள் ஒரு தையற்காரர் கைக்குச் சான்று. சான்றெனக் கொள்ளின் வேறுபாடு அறிவு பயக்கும். பலகை நிரப்பும் எண்ணிக்கையாகக் கொள்ளின் அவாவாய், கோணலுக்கு விலை பிறக்கும். விலை பிறந்தவழிக் கோணலே செயற்கையாகப் பிறக்கும். போலியை ஈன்ற தாய் அவ்வவாவேயாம்.

ஆதலின் அன்பர்க்கு யாம் கூறியது இது: ‘விற்பினுங் கொடுப்பினும், தந்தையார் பெயர், படை, ஊர், அவர் சொல்லியன ஆகியவற்றை எழுதி உடன் சேர்க்க. ஏடு வேண்டா, துணி மட்டும் போதுமென்பார்க்குக் கொடாதொழிக. அவர் வேண்டுவது நும் தந்தையாரையன்று, கோணலையே.’

அன்பர் நெடிது வாளாவிருந்து, ‘ஐயா, அப்பா போரைக் குறித்து ஒரு சொல்லும் சொல்லியதிலரே’ என்றார்.

‘சொல்லாமையும் ஒரு செய்தியே. போரை அறிந்தும் அவர் அதனைச் சொல்லாதிருந்தாரென்றும், இத்துணியை மட்டும் இறுதிகாறும் எறியாது வைத்திருந்தாரென்றும் எழுதுக’ என்றாம். அவர் சின்னத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். விற்றனரோ அன்றோ யாம் வினவிற்றிலேம். ஏட்டினை எழுதினாரென்று மட்டும் பின்னர்க் கேட்டு மகிழ்ந்தாம்.