யாரையும் இடிக்காதவனுக்கு எதற்குத் தண்டனை?

போலீஸ்காரர் நீட்டும் குழாயில் ஒருவர் ஊதுகிறார். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்ற வரம்பைக் கருவி காட்டும் எண் தாண்டிவிடுகிறது. வண்டியைப் பிடித்து வைக்கிறார்கள். பிறகு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெயரைக் கூப்பிடும்வரை நின்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு, பணம் கட்டி ரசீது வாங்குகிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மறுபடி சிக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் சில மாதம் முடங்கக்கூடும். இத்தனைக்கும் பிறகு அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “நான் யாரையும் இடிக்கலையே?” இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. நடக்காத கேட்டுக்கு ஒருவரைத் தண்டிக்கலாமா என்பது அறவியலில் சாதாரணக் கேள்வி அல்ல.

தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1976இல் இதே ஆளைத்தான் உதாரணமாக எடுத்தார். குடித்தவரின் கார் நடைபாதையில் ஏறுகிறது. அங்கே ஆள் இருந்தால் அவர் கொலைகாரர், இல்லாவிட்டால் அதைவிட மிகச் சிறிய குற்றம்தான். இரண்டிலும் அவர் செய்தது ஒன்றே. அந்த நேரத்தில் யார் அங்கே நடந்தார்கள் என்பது அவர் கையில் இல்லை. நேகல் இதைத் தீராத முரணாகவே விட்டுவிட்டார். ஆனால் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சமணர்கள் இதற்குத் தெளிவான விடை வைத்திருந்தார்கள். கவனமின்மையால் உயிரைப் போக்குவதே இம்சை என்று உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. இன்னொரு சமண ஆசிரியரான குந்தகுந்தர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். எதிரே உள்ள உயிர் செத்தாலும் பிழைத்தாலும், கவனமில்லாமல் நடப்பவனுக்கு இம்சைக் குற்றம் உறுதி; கவனத்தோடு அடியெடுத்து வைக்கும் துறவியின் காலடியில் ஒரு பூச்சி செத்தாலும் அவருக்கு அது பாவம் ஆகாது. இந்த அளவுகோலில், பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்த குடிகாரரும் ஆளைக் கொன்ற குடிகாரரும் ஒரே தராசுத் தட்டில்தான் நிற்கிறார்கள். சாவியைத் திருகியபோதே குற்றம் முடிந்துவிட்டது. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. 185ஆம் பிரிவும், தெரிந்தோ தெரியாமலோ, இந்தப் பார்வையில்தான் நிற்கிறது.

அப்படியானால் இருவருக்கும் ஒரே தண்டனைதானே தர வேண்டும் என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் கோர்ட் மனசாட்சியை மட்டும் எடைபோடும் இடம் அல்ல. செத்தவரின் மனைவியும் பிள்ளைகளும் அங்கே வந்து நிற்கிறார்கள். அவர்கள் இழப்புக்கும் அது பதில் சொல்ல வேண்டும். அதனால் தண்டனையின் அளவு வேறுபடலாம், குற்றத்தின் தன்மை வேறுபடாது. “போதையில் என்ன செய்தேன் என்றே தெரியவில்லை” என்ற வாதம் அவ்வளவு தூரம்கூடத் தாங்காது. குடிக்காமல் இருந்திருக்க அவனால் முடிந்திருக்கும் என்பதால், குடித்துத் தவறு செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை தரும் சட்டங்களை அரிஸ்டாட்டில் நியாயம் என்றே கருதினார். இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 24ஆம் பிரிவும், தானாகக் குடித்தவருக்கு நிதானத்தில் இருப்பவருக்கு உள்ள அறிவு இருந்ததாகவே வைத்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு மறுப்பு எழும், அதில் நியாயமும் உண்டு. 2003 முதல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. கடையை ஒட்டிய பார் வாசலில் பைக்குகள் வரிசையாக நிற்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. ஒரு கையால் விற்று மறு கையால் பிடிக்கும் அரசுக்கும் இந்தக் குற்றத்தில் பங்கு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அரசு தன் பங்கைச் சுமந்தாலும் ஓட்டியவரின் பங்கு ஒரு குந்துமணிகூடக் குறையாது. ஆட்டோவில் திரும்பும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. குடிநோயில் சிக்கியவரின் நிலைமை வேறு. குடியை நிறுத்துவது அவர் கையில் இல்லாமல் போயிருக்கலாம். அவருக்கு அபராதத்தைவிடச் சிகிச்சை அவசரம்.

ஆகவே தண்டனை பெற்றவர் தன்னை அகப்பட்டுக்கொண்ட துரதிர்ஷ்டசாலி என்று நினைத்தால் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார். கொலைகாரர் ஆகாமல் தப்பியது அவர் சாமர்த்தியம் அல்ல. ரசீதோடு அரசின் கோப்பு மூடிவிடும். அன்று அந்தச் சாலையில் நடந்தவர்களுக்கு அவர் பட்ட கடன் மூடாது. அதைப் பணத்தால் மட்டும் தீர்க்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. டெல்லி லோதி காலனியில் 1999இல் கார் ஏறி ஆறு பேர் இறந்த வழக்கில், 2012இல் அது 50 லட்சம் ரூபாயோடு இரண்டு ஆண்டு சமூக சேவையையும் விதித்தது. பணக்காரருக்குக் கிடைத்த சலுகை என்று அதை விமர்சித்தவர்கள் உண்டு. ஆறு உயிருக்கு அது குறைவு என்பதே என் எண்ணமும். ஆனால் யாரையும் இடிக்காத முதல் முறைக் குற்றவாளிக்குச் சமூக சேவை என்ற அந்த வழி கச்சிதமாகப் பொருந்தும். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்பவருக்கு நியாய சன்ஹிதா சமூக சேவையைத் தண்டனையாக வைத்திருக்கிறது. குடித்து வண்டி ஓட்டுபவருக்கு 185ஆம் பிரிவில் அது இல்லை. அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் சில வார வேலையை அந்தப் பிரிவில் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு ஒரு திருத்தம் போதும்.