ஜடம் எழுப்பிய கோபுரம்

நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியம் சிலிக்கேட் கரைசலில் ஒரு சிறு மயில்துத்தப் படிகத்தை இட்டால், அதிலிருந்து நீலக் குழல்கள் செடிபோல் மேல்நோக்கி வளரும். 'ரசாயனத் தோட்டம்' எனப்படும் இதனை 1646-ஆம் ஆண்டிலேயே கிளாபர் என்ற ஜெர்மானிய அறிஞர் விவரித்தார். இத்தோட்டத்தில் விதையும் இல்லை, தோட்டக்காரனும் இல்லை.

படிகம் கரைய, இரு கரைசல்களும் சந்திக்குமிடத்தில் மெல்லிய சவ்வு உருவாகிறது. அதனுள் நீர் ஊடுருவ, அழுத்தம் மிகுந்து சவ்வு கிழிகிறது. அடர்த்தி குறைந்த உட்கரைசல் மேலே பீறிடுகிறது. அந்த ஓட்டத்தைச் சுற்றி மீண்டும் சுவர் எழுகிறது. இயற்கையிலும் இதற்கு ஒப்பானது உண்டு. 2000-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலடியில் கண்டறியப்பட்ட 'தொலைந்த நகரம்' என்னுமிடத்தில், வெப்பமான காரநீர் கடல்நீரோடு கலப்பதால் படிந்த கனிமங்கள் சுமார் 60 மீட்டர் வரை கோபுரங்களாக உயர்ந்து நிற்கின்றன.

வேதாந்த மாணவனுக்கு இங்கே ஒரு சங்கடம் எழுகிறது. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம், இரண்டாம் பாதத்தின் தொடக்கத்தில், அறிவற்ற பிரதானத்தால் ஒழுங்கான படைப்பு இயலாது என்று சாங்கியர் மறுக்கப்படுகின்றனர். மாளிகையும் இருக்கையும் அறிவுள்ள சிற்பியாலேயே ஆகின்றன. கல்லும் மண்ணும் தாமாக அவ்வாறு அமைவதில்லை என்கிறார் சங்கரர். இந்தக் கோபுரங்களோ தாமாக அமைந்தவை அல்லவா?

'ஒரு மறைந்த கரம் இருக்கும்' என்று அவசரப்பட்டுச் சொல்வது நேர்மையாகாது. அறியாமையின் இடுக்குகளில் இறைவனை வைத்தால், அறிவு வளர வளர அவன் இடம் குறுகும். பாலும் நீரும் தாமாகப் பாய்கின்றனவே என்று சாங்கியர் அன்றே கேட்டனர். 'அங்கும் சைதன்யமே ஆள்கிறது' என்பது விடை. அதற்கு ஆசாரியர் காட்டும் பிரமாணம் அந்தர்யாமியைக் கூறும் சுருதி. ஆகவே, ஒழுங்கைக் கண்டு கர்த்தாவை ஊகிக்கும் தர்க்கம் தளர்ந்தாலும் வேதாந்தம் தளர்வதில்லை. சைதன்யம் ஊகத்தின் முடிவு அன்று, ஊகிப்பவனின் சொரூபம்.

இதில் சாதகனுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் லெதூக், இத்தகைய வடிவங்களின் ஒப்புமையைக் கொண்டு உயிரையே விளக்கிவிட முயன்றார். நாமும் அவ்வாறே ஏமாறலாம். குறித்த நேரத்தில் எழுதல், பூஜை, ஜபம் ஆகியவை பழக்கத்தின் ஓட்டத்தில் தாமாகவே அழகிய குழல்களாக உறைந்துவிடக்கூடும். ஒழுங்கு இருப்பதாலேயே விழிப்பு இருப்பதாகாது. மாலை உருள்கிறது, உருள்வதை அறிபவன் விழித்திருக்கிறானா? இக்கேள்வியை நாள்தோறும் நம்மிடமே கேட்டுக்கொள்வோமாக.