கரைவதும் கரைப்பதும்

நிலைத்தது என்று நாம் நம்பும் நிலமே நிலையற்றது என்பதற்குத் தூத்துக்குடிக் கடற்கரை தெளிவான சான்று. சங்க காலத்தில் பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய கொற்கை, இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயல்கள் சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது. அதன்பின் சிறந்தோங்கிய காயல், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பாராட்டி எழுதிய பட்டினம். அதுவும் தன் துறையை இழந்து பழையகாயலாயிற்று. 1877-இல் கால்டுவெல் இவ்விரு ஊர்களையும் அகழ்ந்து ஆராய்ந்த செய்தியை வெளியிட்டார். வணிகமோ தூத்துக்குடியை நாடி வந்துவிட்டது.

இம்மாற்றத்தைச் செய்தது தாமிரபரணி. பொதிகைப் பாறைகள் வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, மழைநீரில் இற்றுப் பொடிகின்றன. அப்பொடியை ஆறு சுமந்து வந்து, கழிமுகத்தில் வேகம் தணிந்ததும் இறக்கி வைக்கிறது. ஓர் ஆண்டில் ஏறும் வண்டல் கண்ணுக்குப் புலப்படாது. நூற்றாண்டுகள் சேரும்போது துறை தூர்ந்து கடல் விலகுகிறது. மலை கரைந்து கரையாகிறது. இதற்காக எவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இயலாது.

இங்கேதான் அறக் கேள்வி ஒன்று எழுகிறது. மண்ணே ஓயாமல் மாறிக்கொண்டிருக்க, மனிதன் அதில் கைவைப்பது மட்டும் எவ்வாறு தவறாகும்? "கொற்கையே போயிற்று, ஒரு தீவு போனால் என்ன?" என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வியை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது.

1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தபோது அதில் 21 தீவுகள் இடம்பெற்றன. தூத்துக்குடியை அடுத்துள்ள வான்தீவும், விலாங்குசல்லியும் அவற்றுள் அடங்கும். மிகச் சிறிய உயிர்கள் கடல்நீரின் சுண்ணத்தைத் தம் கூடாக்கித் தலைமுறை தலைமுறையாக எழுப்பியவையே பவளப்பாறைகள். பெரும்பாறையாய்த் திரளும் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். அலையைத் தடுக்கும் இப்பாறைகளின் காப்பில், பவளத் துண்டுகளும் மணலும் குவிந்து தீவுகளாயின. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளின் தேவைக்காகவும் அப்பாறைகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அரணை இழந்த விலாங்குசல்லி கடலுள் மூழ்கியது. வான்தீவு தேய்ந்து சிறுத்தது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2015 முதல் வான்தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டன.

கொற்கையின் இழப்பும் விலாங்குசல்லியின் இழப்பும் ஒன்றாகுமா? ஆறு ஓரிடத்தில் எடுத்ததை வேறோரிடத்தில் கொடுத்தது. தூர்ந்த துறை விளைநிலமாயிற்று. அது மெல்ல நடந்தமையால், மக்கள் கொற்கையிலிருந்து காயலுக்கும் தூத்துக்குடிக்கும் பெயர்ந்து வாழ வழி இருந்தது. பவளமோ, பல நூறு ஆண்டுகளில் வளர்ந்தது சில பத்தாண்டுகளில் பெயர்க்கப்பட்டது. மீண்டும் வளர அதற்கு நாம் காலம் தரவில்லை. அனைத்திற்கும் மேலாக, ஆற்றுக்குத் தெரிவு இல்லை, நமக்கு உண்டு. எல்லா மனிதரும் ஒருநாள் இறப்பர் என்பது கொலைக்கு நியாயமாகாது. எல்லாத் தீவும் ஒருநாள் அழியலாம் என்பதும் அத்தகையதே.

எனினும், பழியை யார்மேல் சுமத்துவது? கூலிக்காகக் கடலில் மூழ்கிப் பாறை பெயர்த்த ஏழையின்மேல் அதைச் சுமத்துவது நமக்கு வசதியானது. ஆனால் அவன் கொணர்ந்த சுண்ணாம்பு அவன் குடிசையில் மட்டுமா பூசப்பட்டது? நம் வெண்சுவர்களிலும் அல்லவா அது ஏறியது? பாறை அழிந்தால் அங்கே இனம்பெருக்கும் மீனும் குறைகிறது. அந்த இழப்போ முதலில் கரையோரத்து எளிய மீனவனின் உலையைத் தொடுகிறது. பயன் பெற்றவர் ஒருவர், இழந்தவர் மற்றொருவர் என்றால், அது நீதியைச் சார்ந்த கேள்வி ஆகிவிடுகிறது.

ஆற்று மணலை அள்ளும்போதும், நிலத்தடி நீரை இறைக்கும்போதும் இதே கேள்வி நம்முன் நிற்கிறது. ஒரு பொருளின் விலையைக் கேட்கும் நாம், அது உருவாக எவ்வளவு காலம் ஆயிற்று என்றும் கேட்கப் பழகுவோம். அந்தக் காலத்தை நம்மால் திருப்பித் தர இயலாதெனில், கைநீட்டுமுன் சற்றே தயங்குவோம்.