நியதி என்னும் எல்லை

தேனி மாவட்டத்துக் குச்சனூரில் சுயம்புவாக எழுந்தருளியுள்ள சனீஸ்வரரை வழிபடுவோர் வினைப்பயனை எண்ணித் தொழுகிறார்கள். அவரவர் கன்மத்தின் பயனை அவரவரே நுகருமாறு வரையறுக்கும் தத்துவத்தைச் சைவ சித்தாந்தம் நியதி என்கிறது. இதுபோலவே, 2003-இல் லினக்ஸ் கெர்னலில் இணைந்த எஸ்.ஈ.லினக்ஸ் என்னும் கணினிப் பாதுகாப்பு அமைப்பும், வலைச்சேவைக்கு ஒரு முத்திரையிட்டு, இன்ன கோப்பை வாசிக்கலாம், இன்ன போர்ட்டில் இயங்கலாம் என வெளிப்படையாக அனுமதிக்கப்படாத யாவற்றையும், அச்சேவை ரூட் என்னும் பேரதிகாரத்தோடு இயங்கினும், மறுத்துவிடுகிறது. இவ்வாறு கட்டுண்ட சேவை சுதந்திரம் இழந்ததா? இல்லை என்பதே என் துணிபு. தன் தர்மத்தை ஆற்ற அதற்குக் குறையொன்றுமில்லை, பகைவன் வசப்பட்டாலும் விளையும் கேடு பெரும்பாலும் அவ்வெல்லைக்குள் அடங்கும். ஆனால் பதிவான மறுப்புகளையெல்லாம் ஆராயாமல் கருவியொன்றால் அனுமதிகளாக மாற்றுவது, நியதியையே அழிப்பதாகும். விதி எழுதுவோரே, ஒவ்வொரு மறுப்பையும் பொறுமையுடன் வாசித்து, அவசியமானதை மட்டும் அனுமதியுங்கள்.