மனித பலமும் சர்வேசுரனுடைய வல்லமையும்



நம் பகுதி உழைப்பாளிகளின் பகுதி. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் தோலை நம்பியே பிழைக்கின்றன. கையிலும் தோளிலும் பலமிருந்தால் அடுப்பு எரியும். பலம் போனால் கடன் வரும். ஆகையால் பலத்தைப் பெரிதாய் மதிப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. அந்த அளவுகோலையே சர்வேசுரனுக்கும் வைத்துப் பார்க்கிறோம். அவர் நம்மைவிடப் பெரிய பலசாலி என்றும், ஜெபம் செய்வது அந்தப் பலசாலியை நம் பக்கம் சேர்த்துக்கொள்வது என்றும் எண்ணுகிறோம். பிறகு வியாதி தீராமலோ வேலை போயோ நிற்கும்போது, "சர்வ வல்லபர் ஏன் சும்மாயிருக்கிறார்?" என்று கேட்கிறோம்.

இப்படிக் கேட்பது பாவமல்ல. நீதிமானாகிய யோபுவும் கேட்டார். ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு தப்பெண்ணம் மறைந்திருக்கிறது.

நீங்கள் செய்யும் வேலையையே கவனியுங்கள். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரை நீக்கி, முன்னாளில் ஆவாரம் பட்டையாலும் இந்நாளில் பெரும்பாலும் குரோம் உப்பாலும் பதனிடுகிறீர்கள். சில நாளில் அழுகிப்போகவேண்டிய தோல் வருஷக்கணக்காய் உழைக்கும் செருப்பாகிறது. இது மெச்சத்தக்க திறமை. ஆனால் தோல் முன்பே இருக்கவேண்டும். சுண்ணாம்பும் தண்ணீரும் இருக்கவேண்டும். இருப்பதை மாற்றுவதே மனிதனுடைய வல்லமை. இல்லாததற்கு இருப்பைக் கொடுத்து, கொடுத்ததைக் கணந்தோறும் தாங்கி நிற்பது சர்வேசுரனுடைய வல்லமை. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆகையால் மனிதன் பலப்படும்போது சர்வேசுரன் குறைந்துபோவதில்லை. அவர் சிருஷ்டிகளைத் துணைக் காரணங்களாய் உபயோகிப்பது வல்லமைக் குறைவினாலல்ல, நன்மைத்தனத்தின் மிகுதியினாலேயே என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதிக்கிறார். வைத்தியருடைய கை குணமாக்கும்போது, அந்தக் கையைத் தந்தவரே அதன் வழியாய்க் குணமாக்குகிறார். வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவு என்று நினைப்பது அறியாமை.

இனி அவருடைய ஞானத்தைப் பார்ப்போம். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்ட். இவர் 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆனாலும் அவர் கண்ட உண்மை நமக்கும் உரியது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவர் எவ்வளவு முயன்றும் திறக்க முடியவில்லை. தொழுநோயுள்ள ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சுலபமாய்த் திருப்பிவிட்டான். சிறுவனுக்கு இவ்வளவு பலமா என்று வியந்த டாக்டர், தரையில் இரத்தத்துளிகளைக் கண்டார். சிறுவனின் விரலைச் சாவி எலும்பு தெரியுமட்டும் அறுத்திருந்தது. அவனுக்கோ வலிக்கவேயில்லை.

அக்காலத்தில், இந்நோயால் சதை தானே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றே பலரும் நம்பினார்கள். வலி தெரியாததனால் காயமும் தீப்புண்ணும் கவனிப்பாரின்றிப் பெருகியே விரல்கள் அழிகின்றன என்பதை டாக்டர் பிராண்ட் எடுத்துக்காட்டினார். பாருங்கள்: அந்தச் சிறுவனிடம் பலம் இருந்தது, பலத்துக்கு வரம்பு காட்டும் வலி இல்லை. வலியை நாம் பலவீனம் என்கிறோம். அதைச் சரீரத்துக்குக் காவலாக வைத்தவருடைய ஞானமோ நம் ஞானத்துக்கு மேலானது.

"தீராத நோவும் காவல்தானா?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படி நான் சொல்லமாட்டேன். ஆனால் வேலூரிலே நடந்த மற்றொன்றைக் கேளுங்கள். 1954-ல், இளம் டாக்டரான மேரி வர்கீஸ் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, எழுந்து நடக்க முடியாதவரானார். சர்வேசுரன் அவர் முதுகை முறித்தார் என்று சொல்லத் துணியாதிருப்போமாக. அவர் தீமையை அனுமதிப்பது அதிலிருந்து நன்மையை வருவிக்க வல்லவராயிருப்பதனாலேயே என்பது அர்ச். அகுஸ்தீனின் போதனை. மேரி வர்கீஸ் மீண்டும் நடக்கவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பிறகு தம்மைப்போல் முடங்கியவர்களுக்காகவே படித்துத் தேர்ந்தார். 1966-ல் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பலன். 1986-ல் அவர் மரித்தார். அந்த வேலை இன்றும் நடக்கிறது. "வாழலாம்" என்று நாற்காலியிலிருந்து அவர் சொல்லும்போது, கால் விளங்காத நோயாளி அதை நம்பினான். நடக்கிறவர் சொல்லியிருந்தால் அவ்வளவு நம்பியிருப்பானா?

அர்ச். சின்னப்பரும் தம் உபாதையை நீக்கும்படி மும்முறை மன்றாடினார். உபாதை நீங்கவில்லை, போதுமான வரப்பிரசாதம் கிடைத்தது. சேசுநாதரோ சிலுவையினின்று இறங்கி வர வல்லவராயிருந்தும் இறங்கவில்லை. பிலாத்துவின் அதிகாரமும் சேவகரின் ஆணியும் மனித பலம் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டின. உயிர்த்த ஞாயிறு அதற்கு அப்பாலுள்ள வல்லமையைக் காட்டியது.

ஆனால் இந்தப் போதனையைச் சொல்லி ஏழையின் வாயை அடைக்க எவருக்கும் உரிமையில்லை. 2015-ம் ஆண்டு ஜனவரி 31-ல் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் மாண்டார்கள். அதைத் தேவசித்தம் என்று சொல்லிக் கைகழுவுவது பிலாத்து செய்த காரியம். தன்னிடம் வேலை செய்கிறவனுடைய உயிரைக் காப்பது முதலாளியின் கடமை. நியாயமான கூலியைக் கேட்பது தொழிலாளியின் உரிமை. துன்பத்திலிருந்து நன்மையை வருவிப்பது சர்வேசுரனுக்குரியது. அதைச் சாக்காக வைத்துத் துன்பத்தை உண்டாக்குவது நமக்கு உரியதல்ல.

ஆகையால் சுகத்துக்காக மன்றாடுங்கள், மருந்தும் சாப்பிடுங்கள். கை விளங்காமல் வீட்டில் இருக்கிற தகப்பனை, "இனி உங்களால் என்ன பிரயோசனம்?" என்று ஒருபோதும் கேளாதீர்கள். நாமும் நம்முடைய பலத்தினால் இருக்கிறவர்களல்ல. அவர் தாங்குவதனால் இருக்கிறவர்கள். இந்த ஞாயிறு பூசை முடிந்தபின், உங்கள் தெருவில் படுக்கையாய்க் கிடக்கிற ஒருவரைச் சந்தியுங்கள். அவருக்காக ஜெபியுங்கள். உங்களுக்காக ஜெபிக்கும்படி அவரையும் கேளுங்கள். அவர் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டென்று அவர் அறியட்டும்.

சர்வேசுரன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

— பங்குச் சுவாமியார்