புறக்கூட்டின் வடுவும் சான்று கூறும் முறையும்

புதுப்பொருளிற் கண்ட சிறு வடுவுக்கு யாவர் கடவர் என்னும் வினா உலகியலின்பாற் பட்டதேயாயினும், அதனை ஆராயுமிடத்துச் சித்தாந்த நூல்களின் அளவைப்பகுதி பெரிதுந் துணையாதல் காண்கின்றோம். இராமேசுவரத்து மாணாக்கர் ஒருவர் எம்மை வினாவியது இது. அவர் புதியதொரு மடிக்கணினி வாங்கினார். சின்னாள் கழித்து அடிமூடியைத் தாமே கழற்றி, நினைவகத் தகடு ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தினார். மூடியபின் நோக்க, விளிம்பில் நகக்கீறல் போன்ற இரண்டு வடுக்களும் ஒரு மூலையில் மயிரிழை அளவாய இடைவெளியும் கண்டார். கருவியோ பழுதின்றி இயங்குகின்றது. விற்றவரிடஞ் சென்று, 'இவ்வாறே வந்தது' எனக் கூறி மாற்றித் தரக் கேட்டல் தகுமோ என்பது அவர் வினா.

குற்றம் இருவகைப்படும்: உடன்தோன்றியது ஒன்று, பின்வந்து சேர்ந்தது ஒன்று. செம்பிற் களிம்பு முன்னதற்கும், ஆடையிற் படிந்த அழுக்குப் பின்னதற்கும் உவமையாம். மலங்களை ஆராய்வுழிச் சகசம், ஆகந்துகம் என நம் ஆசிரியர் ஆளும் பகுப்பு ஈண்டும் பயன்படும். வடு சகசமாயின் விற்றவர் கடவர். ஆகந்துகமாயின் திறந்தவரே கடவர். இவற்றுள் யாதென அறிதற்குத் திறக்குமுன் விளிம்பை நோக்கியிருத்தல் வேண்டும். அவர் நோக்கிலர்.

இத்தகைய கருவிகள் பலவற்றின் அடிமூடி, திருகுகளாலன்றி உள்விளிம்பிலுள்ள சிறு கொக்கிகளாலும் பற்றப்பட்டிருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி அவற்றை நெகிழ்த்தல் முறை. இரும்புத் திருப்புளியால் நெம்பின் விளிம்பு வடுப்படும். மாணாக்கர் கைக்கொண்டது திருப்புளியே. ஆயினும் தொழிற்சாலையிலும் வழியிலும் வடு நேர்தல் கூடுமாதலின், துணிவு பிறந்திலது. இதுவே ஐயக்காட்சி. குற்றியோ மகனோ என ஐயுற்று நின்றானொருவன் 'மகனே' எனச் சான்று கூறின், ஆங்கு நிற்பது மகனேயாயினும் அவன் கூற்று வாய்மையாகாது. என்னை? தான் அறியாததனை அறிந்தான்போற் கூறினமையின் என்க.

அற்றேல், நிறுவனத்தார்க்கு இதனால் வரும் இழப்பு மிகச் சிறிது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருளின் தரக்குறைவுகளைக் குறைபாடென்பதன்கண் அடக்கி வாங்குவோர்க்கு அரணாய் நிற்கின்றது. கேட்டலில் இழுக்கென்னை எனின், கேட்டல் இழுக்கன்று. அறியாததைத் துணிந்துரைத்தலே இழுக்கு. அன்றியும், இழப்பின் சுமை நிறுவனத்தைச் சாராது, பொருளை ஆராயாது கையளித்தான் என எளிய கடைப்பணியாளன் ஒருவனைச் சார்தலுங் கூடும். ஆதலின், 'மூடியைக் கழற்றிய பின்னரே கண்டேன்; முன்னரும் இருந்ததோ அறியேன்' என உள்ளவாறு கூறி, அவர் மாற்றித் தரின் ஏற்றலும், மறுப்பின் அமைதலுமே நெறி.

இனி, எக்குறையைப் பொருட்படுத்துவது, எதனை விடுவது? குறையின் தோற்றம் கருதியன்று, அஃது உட்செல்லுமோ என்பது கருதியே துணிதல் வேண்டும். இக்கடற்கரையிலேயே இதற்குச் சான்றுண்டு. 1914-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பாம்பன் இரயிற்பாலம் உப்புக்காற்றால் அரிப்புற்று நலிய, 2022 டிசம்பரில் அதன்மேல் இரயிலோட்டம் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பெற்ற புதிய பாலத்திற்குப் பாலிசிலாக்சேன் என்னும் தனிப்பூச்சு இடப்பட்டுள்ளது. அவ்விடத்துப் பூச்சு அழகுமட்டுமன்று, அரணுமாம். அதிற் படும் கீறல் சிறிதாயினும் துருவுக்கு வாயிலாகும்.

மடிக்கணினியின் புறக்கூட்டிற் பட்ட கீறலோ பெரும்பாலும் மேலளவில் நின்றொழியும். மூலையின் இடைவெளி அத்தன்மைத்தன்று. கடலோரத்து உப்பீரமும் மணற்றுகளும் அதன்வழிப் புகும். கொக்கி செவ்வனே பொருந்தாமையாலோ, நீளம் வேறுபட்ட திருகுகள் துளை மாறினமையாலோ அவ்விடைவெளி வருதலுண்டு. கருவியை நிறுத்தி, மின்னிணைப்பை நீக்கித் திருகுகளை உரிய துளைகளிலிட்டு, விளிம்பை மெல்ல அழுத்திப் பொருத்தி நோக்குக. கண்ணை உறுத்தும் வடு விடத்தக்கது. கண்ணிற்கு எளிதிற் புலனாகாத இடைவெளியே தீர்க்கத்தக்கது.

அவ்வடு கடையிலிருந்த பிறிதொரு கணினியிற் காணப்படின் மாணாக்கர் வருந்தியிரார். ஆதலின் வருத்தத்திற்கு முதல் வடுவன்று, 'எனது' என்னும் பற்றே. அப்பற்றுச் சிறு வடுவைப் பெரிதாக்கிக் காட்டி, ஐயத்தைத் துணிவென உரைக்குமாறும் தூண்டுகின்றது. ஒருமுறை பயன்றந்த பொய் மறுமுறை எளிதில் நாவில் வரும். பாலத்தின் பூச்சிற் பட்ட கீறல்போல உட்செல்வது அதுவே. மாணாக்கர் அஞ்சிக் காக்கற்பாலது அதனையே என்பது எம் கருத்து.