வெயிலைப் பொறுப்பதும் வீட்டைக் குளிர்விப்பதும்

கோடையில் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது தர்மமா, தேகப்பற்றா என்ற கேள்விக்கு இந்து மரபில் இடம் உண்டு. குளிரும் வெப்பமும் வந்து போகிறவை, பொறுத்துக்கொள் என்று பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொல்கிறான். இந்தப் பொறுமையை வேதாந்திகள் திதிட்சை என்பார்கள். ஞானத்தை நாடுகிறவனுக்கு வேண்டிய ஆறு குணங்களில் அதுவும் ஒன்று. துறவு மனப்பாங்கு வைதிக, அவைதிக தரிசனங்களுக்கெல்லாம் பொது என்று மைசூரு மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக இருந்த எம். ஹிரியண்ணா, 1932இல் வெளியான தம் இந்தியத் தத்துவ நூலில் காட்டியிருக்கிறார். இதை அப்படியே எடுத்துக்கொண்டால் கைவிசிறியும் கூடாது.

மைசூரு மக்களின் வழிபாடு அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ராமநவமியன்று கோயில்களிலும் தெருமுனைகளிலும் பானகம், நீர்மோர், கோசம்பரி வழங்குவார்கள். வெல்லத்தைக் கரைத்துச் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டது பானகம். ஊறிய பாசிப்பருப்பில் வெள்ளரிக்காயும் தேங்காய்த் துருவலும் கலந்தது கோசம்பரி. விரதம் இருப்பவர்களும் நின்று வருவோர்க்கெல்லாம் ஊற்றித் தருவார்கள். விசிறியும் குடையும் தண்ணீர்க் குடமும் கோடைக்குரிய தானங்கள். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் அக்னி நட்சத்திர நாட்களில் லிங்கத்தின் மேல் தாரா பாத்திரத்தைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக நீர் விழச் செய்கிறார்கள். பொறுமை தனக்கு, குளிர்ச்சி பிறருக்கு என்பதே இந்த வழக்கங்களின் உட்பொருள். கிருகஸ்தனின் வீட்டில் முதியவர், குழந்தை, விருந்தாளி எல்லாரும் இருக்கிறார்கள். தன் திதிட்சையை அவர்கள்மேல் சுமத்த அவனுக்கு உரிமை இல்லை.

பழைய மைசூருப் பகுதியின் தொட்டி வீடு இந்தக் கடமையைக் கட்டடமாகவே செய்து காட்டியது. நடுவில் வானம் பார்த்த முற்றம். வாஸ்து நூல்கள் பிரம்மஸ்தானம் என்று சொல்லிக் காலியாக விடச் சொல்லும் இடமும் அதுதான். மைசூரு கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏப்ரலிலும் இரவு தணிந்துவிடும். அந்தக் குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கித் தங்கும். தடித்த மண்சுவர் பகல் வெயிலை மெல்லத்தான் உள்ளே விடும். மேலே ஏறும் சூடு ஓட்டு இடுக்குகள் வழியாக வெளியேறிவிடும். மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு பரவிய மங்களூர் ஓட்டுக்கும் இந்தக் குணம் உண்டு. தாழ்வாரத்து நிழலில் இருந்த திண்ணை வழிப்போக்கருக்கும் உரியது. ஆனால் அக்கிரகாரத் திண்ணைகள் எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை. பிறருக்கு என்ற சொல்லில் யார் யார் அடக்கம் என்பதில் மரபு தவறியது, தான் சொன்ன தர்மத்துக்கே எதிராக.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பிளேக்குக்குப் பின், 1903இல் மைசூரு நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைந்தது. நெருக்கமான குடியிருப்புகளுக்கு மாற்றாக அகன்ற தெருக்களோடு புதிய விரிவாக்கப் பகுதிகள் எழுந்தன. காற்றும் வெளிச்சமும் ஊர்ப் பொதுப் பொறுப்பாயின.

ஏ.சி. இந்தக் கேள்வியை மறுபடி கூர்மையாக்குகிறது. அது சூட்டை அழிப்பதில்லை. அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு, தான் ஓடுவதற்கு உண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. இரண்டு வீடுகளுக்கு இடையே நாலடிச் சந்தில் மாட்டிய வெளிப்பெட்டியின் அனல், பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள்தான் போகும். அந்த வீட்டில் மின்விசிறி மட்டும் இருந்தால், ஒருவரின் சுகத்துக்கு இன்னொருவர் கேட்காமலே தவம் செய்கிறார். தானம் என்ற வழக்கம் இங்கே தலைகீழாகிறது.

நோயாளிக்கும் முதியவருக்கும் ஏ.சி. தேவைப்பட்டால் அதில் குற்றம் ஏதுமில்லை. மற்றவர்கள் முதலில் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். மேற்குச் சுவருக்கு மரநிழல் தரலாம். பகலில் ஜன்னலை மூடி இரவில் திறந்து வைக்கலாம். இரவு தணியும் மைசூருவில் பெரும்பாலான வீடுகளுக்கு இவையே போதும். இவற்றைச் செய்து பார்க்காமல் ஏ.சி.யைப் போடுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் அநியாயம்.